சஃபாரி கேள்விகள்: வரைபடத்தை மூடிவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள்

கென்யா, தான்சானியா பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். கிளிமஞ்சாரோ ஏற்றமும் உகாண்டா கொரில்லாவும் என் பக்கம் இல்லை, அவற்றைக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

திருச்சி: எட்டு நாள் லீவு. மசாய் மாரா, செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ, அம்போசெலி, கடைசியில் சான்சிபார். வரிசை சரியா?

வரிசை சரி, நாள்தான் பத்தாது. கென்யாவின் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளி, நடுவில் எல்லை என்று ஒரு கோடு. அந்தக் கோட்டை வில்டபீஸ்ட் (மாடு போல இருக்கும் இரலை) தாண்டும், உங்கள் வண்டி தாண்டாது. 1977-ல் தான்சானியா எல்லையை மூடியபோது அடைபட்ட நேர்வழி அது. இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்றிப் போய், எல்லையில் இறங்கி முத்திரை வாங்கி, தான்சானியா வண்டிக்கு மாற வேண்டும். ஒரு பகல் முழுக்க அதிலேயே போய்விடும்.

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். நைரோபியிலிருந்து மாரா 5 முதல் 6 மணி. தான்சானியாவில் அருஷா நகரிலிருந்து கரட்டு ஊருக்கு 3 மணி. கரட்டுவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதி செரொனெரா 4 முதல் 5 மணி, அதுவும் கப்பிச் சாலையில், முதுகெலும்பு எண்ணிக்கொண்டே.

எட்டு நாளில் ஒரே நாடு, தான்சானியா என்றால் என் கணக்கு இது. முதல் நாள் அருஷாவில் இறங்கித் தூக்கம். இரண்டாம் நாள் தரங்கிரே பூங்கா, இரவு கரட்டு. மூன்றாம் நாள் விடியுமுன் எயாசி ஏரி, திரும்பவும் கரட்டு. நான்காம் நாள் நாபி மலை வாயில் வழியாக செரெங்கெட்டி, அங்கேயே மூன்று இரவு. ஏழாம் நாள் மதியம் கிளம்பி இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு. எட்டாம் நாள் காலை 6 மணிக்குப் பள்ளத்தில் இறங்கி, மதியம் ஏறி, இரவு அருஷா. அம்போசெலிக்கும் சான்சிபாருக்கும் வேறொரு லீவு எடுங்கள்.

சேலம்: வில்டபீஸ்ட் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க எந்தத் தேதியில் போக வேண்டும்?

தேதி கிடையாது. மாரா ஆற்றைக் கடப்பது பொதுவாக ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரை. மழை எங்கே பெய்கிறதோ, புல் எங்கே முளைக்கிறதோ அங்கே அவை போகும். ஒரே கூட்டம் ஒரே ஆற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பல தடவை கடக்கும்.

கரையில் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்து பின்வாங்கும். பின்னால் இருப்பவை நெருக்கும், புழுதி எழும். இப்படி மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு வரிக்குதிரை மிரண்டதும் மொத்தமும் திரும்பிப் போய்விடும். அதனால் ஆற்றை ஒட்டிய பகுதியில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். கென்யாவில் மாரா, தான்சானியாவில் கோகடெண்டே. முதல் விலங்கு நீரில் இறங்கும்வரை வண்டி கரையை விட்டுத் தள்ளியே நிற்க வேண்டும் என்று டிரைவரிடம் முன்பே சொல்லிவைக்கவும். இறங்கும் இடத்தையும் ஏறும் இடத்தையும் வண்டிகள் அடைத்தால் கூட்டம் திரும்பிவிடும்.

இன்னொன்று. இதைக் காட்டெருமை என்று எழுதாதீர்கள். பார்வைக்கு மாடு போல இருந்தாலும் மான், இரலை வகையைச் சேர்ந்தது.

சிங்கப்பூர்: பிப்ரவரியில்தான் வர முடியும். வீணா?

வீணா! பிப்ரவரிதான் ந்டுடு மாதம். செரெங்கெட்டியின் தெற்கு ஓரம், குட்டைப்புல் வெளி. இரண்டு மூன்று வாரத்துக்குள் வில்டபீஸ்ட் லட்சக்கணக்கில் கன்று ஈனும். குட்டி விழுந்து சில நிமிடத்தில், ஈரம் காயுமுன்பே, நாலு காலும் நாலு திசைக்குப் போக, எழுந்து விழுந்து மறுபடி எழும். எழுந்தால்தான் பிழைக்கும், ஏனென்றால் கழுதைப்புலியும் சிறுத்தையும் அதே வெளியில் காத்திருக்கின்றன. ஆறு கடப்பதைவிட இதையே நான் முதலில் சொல்வேன். நீங்கள் தங்கும் இடம் ந்டுடுவில் இருக்கட்டும். செரொனெராவில் தங்கி தினமும் போய்வருவது என்றால் பாதி நாள் சாலையில் போய்விடும்.

மதுரை: ஊசி கட்டாயமா?

கென்யாவுக்குள் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கென்யாவிலிருந்து வருபவரிடம் தான்சானியாவும் கேட்கும், திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் டாக்டரிடம் பேசாமல் போடக் கூடாது. மலேரியா மாத்திரைக்கும் டாக்டர்தான். டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும். பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். மஞ்சள் அட்டை கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல.

கோவை: டூர் திட்டத்தில் "மசாய் கிராமம், 45 நிமிடம்" என்று இருக்கிறது. பணம் கட்டி மனிதர்களை வேடிக்கை பார்ப்பது அசிங்கம் இல்லையா? அதை நீக்கச் சொல்லிவிட்டேன்.

45 நிமிடத்தை நீக்கியது சரி. காரணம் வேறு. இங்கோரோங்கோரோவிலிருந்து செரெங்கெட்டி போகும் சாலையோரத்தில் அந்த நிறுத்தம் வரும். வண்டிக்கு 50 டாலர், அல்லது தலைக்கு 20, 30. வரவேற்புப் பாட்டு, குதிக்கும் ஆட்டம், ஒரு வீட்டுக்குள் எட்டிப்பார்த்தல், குச்சி கடைந்து தீ மூட்டல், பாசிமணிக் கடை. முடிந்தது. அந்த நேரத்தில் அதற்குமேல் யாராலும் எதுவும் காட்ட முடியாது.

ஆனால் போகவே கூடாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1959-ல் செரெங்கெட்டியிலிருந்து மசாய் மக்களை வெளியேற்றியபோது, இங்கோரோங்கோரோவில் ஆடுமாடுகளோடு வாழலாம் என்றுதான் ஏற்பாடு. அங்கே விவசாயம் செய்யத் தடை. 2022-லிருந்து அங்கிருந்தும் பல குடும்பங்களை டாங்கா பகுதியில் உள்ள ம்சொமெராவுக்கு அரசு மாற்றிவருகிறது. விலங்கைப் பார்க்க நீங்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் இந்தக் கதையின் ஒரு பகுதிதான். கிராமத்துக்குப் போகாததால் மட்டும் கை சுத்தமாகிவிடாது.

தூத்துக்குடி: கோவை நண்பருக்கு. நாங்கள் போனோம். பத்து நிமிடம் குதித்தார்கள், பிறகு வளையல் 40 டாலர் என்றார்கள். சுத்த ஏமாற்று.

விலை கேட்டுப் பேசி வாங்குவது சந்தை, ஏமாற்று அல்ல. பணம் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. டிரைவர் பங்கு எடுப்பதும் உண்டு. கட்டணத்தை டிரைவர் கையில் கொடுக்காமல் ஊர்ப் பெரியவர் கையில் நேராகக் கொடுங்கள். பாசிமணியை, கோத்த பெண்ணிடமே வாங்குங்கள். "பள்ளிக்கூட உண்டியல்" நீட்டினால் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க வேண்டாம்.

நைரோபி: இங்கே வேலை பார்க்கிறேன். என் அலுவலகக் கணக்காளர் மசாய்க்காரர். மசாய் என்றாலே குதிப்பதும் சாணி வீடும் என்று எழுதுவதை எப்போது நிறுத்துவீர்கள்?

நியாயமான கோபம். சிவப்பு ஷுக்கா (மசாய் போர்வை) போட்டவர் கையில் செல்போனைப் பார்த்ததும் "இது அசல் இல்லை" என்று முகம் சுளிப்பவர்களுக்காகத்தான் அந்த ஆட்டமே. சாணி வீட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குச்சி, மண், சாணி, சாம்பல் கலந்து அதைக் கட்டுபவர்கள் பெண்கள். கூரை ஒழுகினால் பூசுவதும் அவர்களே. பார்க்க வேண்டிய வேலை அது. உள்ளே புகை மண்டும், ஆஸ்துமா உள்ளவர்கள் வாசலோடு நின்றுகொள்ளலாம்.

கோவை, மறுபடியும்: இதெல்லாம் சமாளிப்பு. அப்படியானால் உங்கள் எட்டு நாள் திட்டத்தில் எயாசி எதற்கு? ஹட்சா மக்கள் வேட்டையாடுவதைப் போய்ப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு முழுசாகத் தப்பிக்க வழியில்லை. ஹட்சா மக்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். பயணிகள் தரும் ரொக்கம் சில முகாம்களில் சாராயமாக மாறியிருக்கிறது, அது உண்மை. அதனால் பணம் மங்கோலா ஊர் அலுவலகத்தில் கட்டணமாகவும், உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் கூலியாகவும் போகட்டும். கையில் ரொக்கம், சிகரெட், மது வேண்டாம்.

போகிறவர்களுக்கு: கரட்டுவிலிருந்து காலை 4.30-க்குக் கிளம்ப வேண்டும். அவர்கள் நடப்பதில்லை, ஓடுகிறார்கள். முள்ளுக்காடு, எனவே மூடிய ஷூவும் முழுக்கால் சட்டையும் வேண்டும். வில்லில் சிக்குவது பறவையாக இருக்கலாம், குரங்காகவும் இருக்கலாம், அங்கேயே தீயில் வாட்டுவார்கள். சைவக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும். வேட்டை வேண்டாம் என்றால் பெண்களோடு கிழங்கு தோண்டப் போகலாம், அதில்தான் நின்று பேச நேரம் கிடைக்கும். பக்கத்தில் டட்டோகா இனக் கொல்லர்கள் உடைந்த பூட்டு, பித்தளைக் குழாய்களை உருக்கி வளையல் வார்க்கிறார்கள், ஆணியை அடித்து அம்பு முனை ஆக்குகிறார்கள். அந்த முனைகள் ஹட்சா கைக்குப் போகும், பதிலுக்குத் தேன் வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்க்கத்தான் எயாசி.

கோவைக்குப் பொருத்தமான வழி கென்யாவில் உண்டு. மாராவை ஒட்டிய நபோய்ஷோ, ஓலாரே மொடோரோகி போன்ற கன்சர்வன்சிகளில் (விலங்குகளுக்காக ஒதுக்கிய தனியார் பகுதிகளில்) நிலம் மசாய் குடும்பங்களுடையது. முகாம்கள் அவர்களுக்கு வாடகை கட்டுகின்றன. படுக்கை எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மாரா காப்பகத்துக்குள் அனுமதி இல்லாத இரவு சவாரியும் நடைச் சவாரியும் இங்கே உண்டு. வழிகாட்டிகளில் பலர் அந்த ஊர்க்காரர்களே. குதித்துக் காட்டச் சொல்லாமல், மழை எப்படி, மாடு எப்படி என்று பேசிக்கொண்டே நடக்கலாம். விலை அதிகம்தான்.

இந்தச் சண்டையை இத்தோடு நிறுத்துவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: ஆகஸ்ட் 14-ல் போனால் ஆற்றைக் கடக்குமா?

சேலத்துக்குச் சொன்னதேதான்.

வேலூர்: கட்டணம் ஏன் இவ்வளவு? ஏமாற்றுகிறார்களா?

முதலில் பூங்காக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். மாராவில் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் 200 என்று 2024-ல் வந்தது. அந்தச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். கிளம்பும் நாளில் தாமதித்தால் இன்னொரு நாள் விழும். இங்கோரோங்கோரோவில் செரெங்கெட்டிக்குக் கடந்து போவதற்கே நுழைவுக் கட்டணம் உண்டு. பள்ளத்தில் இறங்க வண்டிக்கு 295 டாலர் தனி. நாலு பேர் சேர்ந்தால் அதை நாலாக வகுக்கலாம். மலிவான பேக்கேஜில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த 295-தான்.

யாழ்ப்பாணம்: பள்ளத்தில் ஒட்டகச்சிவிங்கி இருக்குமா? குளிருமா?

இருக்காது. சுவர் செங்குத்து, கிட்டத்தட்ட 600 மீட்டர். கறுப்புக் காண்டாமிருகம் இருக்கும், பைனாகுலரில் ஒரு கரும்புள்ளியாக. ஜூலையில் விளிம்பில் விடியற்காலை நடுங்கும், கம்பளிக் குல்லா வேண்டும். மதிய உணவை வண்டிக்குள் சாப்பிடுங்கள். வெளியே தட்டை எடுத்தால் பருந்து ஒரே வீச்சில் தூக்கிப் போய்விடும், கையையும் கீறிவிடும்.

சென்னை: என்ன நிறத்தில் உடை?

காக்கி, மண்நிறம். கருநீலமும் கறுப்பும் செட்சே ஈயை இழுக்கும். தரங்கிரேயில் கடி வாங்கினால் புரியும். சிறிய விமானத்தில் போவதாக இருந்தால் 15 கிலோ, அதுவும் மென்பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி உள்ளே நுழையாது. பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம், இரண்டு நாட்டிலும் தடை.

நாகர்கோவில்: ஆற்றைக் கடக்கும் சரியான வாரம்...

சேலம். மேலே. இன்னும் ஒருவர் கேட்டால் பதில் கிடையாது.

பெங்களூரு: நடுக்காட்டில் அம்மாவுக்குக் கழிப்பறை வேண்டும் என்றால்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் வேண்டாம். "குச்சிம்பா தாவா" என்று டிரைவரிடம் சொல்லுங்கள், மருந்து தோண்டப் போகிறேன் என்று பொருள். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் புதரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியின் பின்பக்கத்தைக் காட்டுவார். அவர் தலையசைக்கும்வரை கதவைத் திறக்க வேண்டாம். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.