நிலா நெருங்கி வந்தால் நம் எடை குறையுமா, நாள் நீளுமா?

கேள்வி: சூப்பர் மூன் நாட்களில் நிலா பூமிக்கு மிக அருகில் வருகிறது என்கிறார்கள். அப்போது பூமியின் ஈர்ப்பு விசை மாறி நம் எடை குறையுமா? நிலா ஆண்டுதோறும் விலகிப் போவதாகவும் படித்தேன். அதனால்தான் பூமியின் சுழற்சி மெதுவாகிறதா? எங்கள் வீடு கடலோரத்தில் இருக்கிறது. அந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டுமா?

பதில்: பூமியின் ஈர்ப்பு விசையைத் தீர்மானிப்பவை அதன் நிறையும் ஆரமும்தான். நிலா எங்கே இருந்தாலும் இவை இரண்டும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நிலாவும் நம்மை இழுக்கிறது, உண்மைதான். ஆனால் பூமி முழுவதையும் சேர்த்தே இழுப்பதால், அந்த இழுப்பு நமக்குத் தனியாகத் தெரிவதில்லை. நிலாவைப் பார்த்த பக்கம் சற்றுக் கூடுதலாகவும் மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் இழுபடுகிறது. அந்த வித்தியாசம்தான் கடலில் ஓதமாக, அதாவது நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கமாக, வெளிப்படுகிறது. நிலா உச்சியில் இருக்கும்போது 60 கிலோ எடையுள்ளவருக்கு இதனால் குறைவது சுமார் 7 மில்லிகிராம். நிலா அண்மையில் இருப்பதற்கும் தொலைவில் இருப்பதற்கும் இடையே இந்த அளவு மாறுவது ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான். எந்த வீட்டுத் தராசும் இதைக் காட்டாது.

கடல் விஷயம் வேறு. நிலாவின் தூரம் மாதந்தோறும் சராசரியாக 3,63,000 கிலோமீட்டருக்கும் 4,05,000 கிலோமீட்டருக்கும் இடையே கூடிக் குறைகிறது. ஓத விசை தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆகவே தூரம் பத்து சதவீத அளவில் குறைந்தாலே ஓத விசை ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுகிறது.

இனி சுழற்சி. இங்கே பலரும் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். நிலா விலகுவதால் பூமி மெதுவாகவில்லை. இரண்டுக்கும் காரணம் ஓதமே. பூமி ஒரே நாளில் ஒரு சுற்றுச் சுழல்கிறது. நிலாவோ பூமியைச் சுற்றிவர 27.3 நாள் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஓதத்தால் எழும் நீர்ப்புடைப்பை, வேகமாகச் சுழலும் பூமி நிலாவின் நேர்க்கோட்டைத் தாண்டிச் சற்று முன்னே இழுத்துச் சென்றுவிடுகிறது. அப்படி முந்திய புடைப்பு நிலாவை அதன் பாதையில் முன்னோக்கி இழுக்கிறது. நிலா பதிலுக்குப் புடைப்பைப் பின்னோக்கி இழுத்துப் பூமியின் சுழற்சியை மெதுவாக்குகிறது. ஆழம் குறைந்த கடல்களில் ஓதநீர் தரையோடு உரசி ஆற்றலை இழப்பதும் இதில் சேர்ந்ததே. பூமி இழக்கும் கோண உந்தம் (சுழலும் பொருளுக்கு உள்ள உந்தம்) நிலாவுக்குப் போய்ச் சேருகிறது. நிலாவின் பாதை விரிகிறது.

இது ஊகம் அல்ல. 1969-இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான் மீது இன்றும் லேசர் பாய்ச்சி, ஒளி திரும்பிவர ஆகும் சுமார் 2.5 நொடியைத் துல்லியமாக அளக்கிறார்கள். நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவது அப்படித்தான் உறுதியானது. பழைய காலத்துக்குச் சான்று பவளங்கள். சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய டெவோனியன் காலப் பவளப் புதைபடிவங்களில் உள்ள நுண் வளர்ச்சிக் கோடுகளை எண்ணிய புதைபடிவ ஆய்வாளர் ஜான் வெல்ஸ், அன்று ஓர் ஆண்டில் ஏறக்குறைய 400 நாட்கள் இருந்தன, அதாவது ஒவ்வொரு நாளும் இன்றையதைவிடக் குறுகியது என்று 1963-இல் எழுதினார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சான்று இதுதான்.

நாளின் நீளம் நீண்டகாலச் சராசரியில் நூற்றாண்டுக்குச் சுமார் 1.7 மில்லிநொடி கூடிவருகிறது. இதே வேகத்தில் போனால் 25 மணி நேர நாள் வர 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

மாதாந்திர நெருக்கமும் சுழற்சியைத் தொடுகிறது. நிலா அருகில் வரும்போது பூமியின் நடுப்பகுதி மிக நுட்பமாகக் கூடுதலாகப் புடைக்கிறது. சுழலும் நாற்காலியில் கைகளை விரித்தவர் வேகம் குறைவதைப்போல, பூமியும் மெதுவாகிறது. நாள் நீள்வது ஒரு மில்லிநொடியைவிடக் குறைவு. நிலா விலகியதும் அதுவும் சரியாகிவிடும்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, பௌர்ணமியை மட்டும் பார்க்காதீர்கள். நிலா அருகில் இருக்கும்போது வரும் அமாவாசையிலும் கடல் அதே அளவு உயரும். பல கரைகளில் உச்ச ஏற்றம் ஓரிரு நாள் தாமதித்தே வரும். எனவே உங்கள் பகுதித் துறைமுகத்தின் ஓத அட்டவணையில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். புயலோ காற்றழுத்தத் தாழ்வோ இல்லாதபோது, இது அட்டவணையில் முன்கூட்டியே போட்டிருக்கும் ஏற்றம்தான். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். காற்று நீரைக் கரைக்குத் தள்ளினால் இன்னும் ஏறும். அருகிலிருக்கும் நிலாவும் புயல் எச்சரிக்கையும் ஒரே நாளில் சேர்ந்தால், உச்ச ஏற்ற நேரத்துக்கு முன்பே மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்.