நீலகிரியில் ஆரம்ப சுகாதார நிலையம் பற்றி மக்களிடம் சர்வே எடுக்கப் போகிறோம். எப்படிக் கேட்டால் உண்மை நிலவரம் தெரியும்?

கேட்டவர் சமூகப்பணி படிக்கும் மாணவர். கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன்களிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பழங்குடியினர் ஊர்களிலும் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதே பகுதியில் ஒரு தன்னார்வக் குழுவோடு இந்த வேலைக்குப் போயிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

"திருப்தியா இருக்கீங்களா?" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். வீடு தேடி வந்தவரிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நாளைக்கே காய்ச்சல் வந்தால் அங்கேதானே போய் நிற்க வேண்டும் என்ற பயமும் இருக்கும். "கடைசியா எப்ப போனீங்க? எதுல போனீங்க? அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள்.

பந்தலூர் பக்கம் ஒரு லைன் வீடு. சிலோனிலிருந்து வந்த குடும்பம், வயதான அம்மா. "எல்லாம் நல்லாத்தான் பாக்குறாங்க கண்ணு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கடைசியாக எப்போது போனீர்கள் என்றதும் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். அதில் பி.பி. மாத்திரை அட்டைகள். ஒரு மாதத்துக்குக் கொடுத்தது, மாதம் முடிந்தும் பாதி அப்படியே இருந்தது. "ஜீப்புக்குக் குடுத்து மாளல. அதான் ஒருநா விட்டு ஒருநா போடுறேன்." நர்ஸ் மீதோ டாக்டர் மீதோ அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மனதாரத் திருப்திதான். திருப்தியை மட்டும் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார், பாதி மாத்திரை டப்பாவில் கிடப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வருகிறார்களா என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு வருகிறார்கள், அப்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். கொழுந்து எடுக்கப் போனவர் வீடு பகலில் பூட்டித்தான் கிடக்கும். நீங்களும் சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ போனால்தான் ஆள் கிடைக்கும். யானை நடமாட்டம் உள்ள இடமென்றால் இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள்.

செலவைக் கேட்கும்போது அன்று போன கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். மருந்து இலவசம்தான், ஆனால் எஸ்டேட்டில் ஒரு நாள் பேர் விழாமல், அதாவது கூலிக் கணக்கில் ஏறாமல் போனால் அதுவும் செலவுதான்.

சுகாதார நிலைய வாசலில் நின்று கேட்பது சுலபம், ஆனால் அங்கே வந்தவர்கள்தான் கிடைப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வராதவர்கள். தேசிய குடும்ப நல ஆய்விலும் அரசு மருத்துவமனைக்குப் போகாத குடும்பங்களிடம் காரணம் கேட்கிறார்கள்: பக்கத்தில் இல்லையா, நேரம் ஒத்துவரவில்லையா, அதிக நேரம் காத்திருக்க வேண்டுமா என்று. அதே மாதிரி கேளுங்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு அளவுகோல். தலைக்கணக்கு சரியாக இருந்தாலும் ஆடி மழையில் தூரம் குறையாது. அதனால் ராத்திரி அவசரத்துக்கு 108 வண்டி எந்த இடம் வரை வந்தது, அதுவரை நோயாளியை எப்படிக் கொண்டுபோனார்கள் என்பது இந்த மலையில் கட்டாயம் இருக்க வேண்டிய கேள்வி.

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்களுக்கு அந்த ஊர்ப் பெண் ஒருவரையே கேட்பவராக அழைத்துப் போங்கள். சுகாதார ஊழியர் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி. அங்கே அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பதால், பரிசோதனை செய்தார்களா என்பதோடு, முடிவை யாராவது உட்கார வைத்து விளக்கினார்களா என்பதையும் சேருங்கள்.

கடைசியாக, சர்வே முடிவைக் கல்லூரியில் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். பந்தலூர் பக்கம் சேரங்கோடு மாதிரி ஊராட்சி என்றால் கிராம சபையில் வாசியுங்கள், பேர் எதுவும் இல்லாமல். மருத்துவ அலுவலரிடம் ஒரு பிரதி நேரில் கொடுங்கள். ஜீப் செலவும் மிச்ச மாத்திரையும் அவருடைய ஓ.பி. (வெளிநோயாளி) பதிவேட்டில் வராது.