சீலியாக்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நாம சோறு, இட்லி சாப்பிடற ஆளுங்க, கோதுமையை விடறது ஈசிதானே?

"ஈசிதானே"ன்னு நீங்க கேட்டதைப் பார்த்துட்டு சும்மா போக முடியல. ஆறு வருஷமா இதே வார்த்தையை சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்கன்னு எல்லார் வாயிலயும் கேட்டுட்டேன். நீங்க ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, யாராவது "ஆமா ஈசிதான்"னு சொல்லமாட்டாங்களான்னு தான் கேட்டிருப்பீங்க, அதனால உங்க மேல கோவம் இல்ல. எனக்கும் சீலியாக் தான், அதாவது கோதுமை, பார்லில இருக்கற குளுட்டன்ங்கற புரதம் உள்ள போனா உடம்பே சிறுகுடலைத் தாக்கிக் கெடுக்கற நோய். நான் டாக்டர் இல்ல, கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில கணக்கு எழுதறேன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த "நாம சோறு சாப்பிடற ஆளுங்க"ல எங்க வீடு வராது. நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம். அங்க தேயிலைத் தோட்டத்துல இருந்த தமிழங்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு போட்ட 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு எழுதப்பட்டவங்க. அப்பாவுக்குப் பத்து வயசு இருக்கும்போது தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அங்கிருந்து இந்த மலை. எங்க சாப்பாடு ரொட்டி. மாவுல தேங்காப்பூ, உப்பு போட்டுப் பிசைஞ்சு தடியாத் தட்டி கல்லுல சுட்டு, மிளகாய் வச்சு காரமா இடிச்ச கட்ட சம்பலோட சாப்பிடறது. விடியக்காலைல மலைக்குக் கொழுந்து எடுக்கப் போறவங்க துணியில முடிஞ்சு கொண்டு போறதும் அது தான். அங்க கோதுமை மான்னு சொன்னது இங்க கடையில மைதா, அவ்வளவுதான் வித்தியாசம். சோறு ராத்திரி ஒரு வேளை. காலேஜ் முடிச்சு வேலைக்குப் போன பிறகும் என் டிபன் பாக்ஸ்ல ரெண்டு ரொட்டி தான் இருக்கும்.

ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவே தாண்டாது எனக்கு. இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, அப்புறம் டிரிப்ல இரும்புச்சத்து ஏத்தறது, மறுபடி மாத்திரைன்னு அஞ்சு வருஷம். வயிறு உப்பும், வாய்ல புண்ணு வந்துக்கிட்டே இருக்கும், எடை 38 கிலோ. ரெண்டு தடவை கரு தங்கல. (அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருந்திருக்கலாம்னு பின்னாடி தான் சொன்னாங்க, இருக்கலாம்னு தான் சொன்னாங்க, அதை நான் பெருசாக்க விரும்பல.) ரத்தம் ஊறணும்னு எங்கம்மா தினமும் ரெண்டு வேளை மால்ட் பானம் கலந்து குடுப்பாங்க, பார்லி, கோதுமை ரெண்டும் அதுல இருக்குன்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும். கீழ ஒரு பெரிய ஆஸ்பத்திரில நானா படிச்சுட்டுப் போய் "சீலியாக்கா இருக்குமா"ன்னு கேட்டப்ப, "அது வடநாட்டுக்காரங்களுக்கு வர்றதும்மா, நீங்க சோறு சாப்பிடறவங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வடக்க தான் அதிகம், அது உண்மை. ஆனா என்ன சாப்பிடறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

அடுத்து பார்த்த லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "காலைல என்ன சாப்பிடுவீங்க". ரொட்டின்னேன். டிடிஜி ஐஜிஏன்னு சீலியாக்குக்குப் பார்க்கற ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினாங்க, பல மடங்கு ஏறி இருந்துச்சு. எண்டோஸ்கோபி பண்ணி சிறுகுடலோட ஆரம்பத்துல இருந்து சின்னச் சின்னத் துணுக்கு எடுத்தாங்க. அந்த இடத்துல விரல் மாதிரி நீட்டி நிக்க வேண்டிய குடலுறிஞ்சி எல்லாம் எனக்குத் தேஞ்சு மட்டமாக் கிடந்துச்சு, சாப்பாட்டுல இருந்து இரும்பை இழுக்கற இடமே அது தானாம். அஞ்சு வருஷம் மாத்திரை ஏன் வேலை செய்யலன்னு அன்னைக்குத் தான் புரிஞ்சுது. உங்களுக்கு ரத்தப் பரிசோதனை மட்டும் தான் ஆயிருக்கு, எண்டோஸ்கோபி பாக்கின்னா, தயவுசெஞ்சு அது முடியற வரைக்கும் கோதுமையை நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்திட்டுப் போனா குடல் கொஞ்சம் ஆறிடும், ரிப்போர்ட் தெளிவா வராது.

எண்டோஸ்கோபி அன்னைக்கு நடந்ததை எங்கயாவது சொல்லியே ஆகணும். 2019 மே மாசம், சீசன். முந்தின ராத்திரில இருந்து பட்டினி. காலைல ஒன்பதரைக்கு கோயமுத்தூர்ல இருக்கணும், கோத்தகிரி - மேட்டுப்பாளையம் ரோட்டுல பாதி வழில வண்டி நின்னுபோச்சு. டூரிஸ்ட் கார் ஒண்ணை ஒண்ணு முந்தப் போய் வளைவுல ரெண்டு பக்கமும் அடைச்சு, ரெண்டு மணி நேரம். எனக்குக் கண்ணு இருட்டுது, வெளிய பார்த்தா ரோட்டோரம் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கறாங்க. அப்பாயின்மெண்ட் போயி, மறுநாள் மறுபடி பட்டினியோட போனோம். 2024 மே மாசம் ஹைகோர்ட் சொல்லி நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிங்களுக்கு இ-பாஸ் கொண்டு வந்தப்ப, சுற்றுலா போச்சு, பிழைப்பு போச்சுன்னு பேசினவங்க நிறைய. பிழைப்பு முக்கியம் தான், இல்லன்னு சொல்லல. ஆனா இந்த மலைல நோயாளிங்களும் இருக்கோம், பெரிய வைத்தியத்துக்குக் கோயமுத்தூர் போக நாங்க இறங்கறதும் அதே ரோடு தான்.

விஷயத்துக்கு வரேன். கஷ்டம் நாக்குல இல்ல, அப்பாயி (அப்பாவோட அம்மா) முகத்துல தான் இருந்துச்சு. இனி ரொட்டி கூடாதுன்னு சொன்னப்ப அது ஒண்ணுமே பேசல. ரெண்டு நாள் கழிச்சு, "1973, 74 பஞ்சத்துல தோட்டத்துல ஆளுங்க செத்து விழுந்தப்ப ஒரு பிடி மா கிடைச்சா போதும்னு இருந்தோம்டி, அந்த மா உனக்கு விஷமா"ன்னு கேட்டுச்சு. என்னால பதில் சொல்ல முடியல. அதோட அம்மா காலத்துல, 1942ல பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் சிலோனுக்கு அரிசி வரத்து நின்ன பிறகு கோதுமை மா இன்னும் அதிகமா வந்துச்சாம். அப்புறம் தான் நான் டிக்கேன்னு ஒரு டச்சு குழந்தை வைத்தியரைப் பத்திப் படிச்சேன். 1944-45 குளிர்காலத்துல அவங்க நாட்டுல ரொட்டியே கிடைக்காத பஞ்சம், அப்ப இந்த நோய் இருந்த குழந்தைங்க தேறினதையும் ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்ததையும் கவனிச்சு தான் அவர் கோதுமை மேல இருந்த சந்தேகத்தை உறுதி பண்ணினாரு. ஏறக்குறைய அதே வருஷங்கள். அங்க ரொட்டி இல்லாம குழந்தைங்க பிழைச்சுது, இங்க அரிசி இல்லாம எங்க ஆளுங்க ரொட்டியால பிழைச்சாங்க. இதை நினைச்சு எத்தனையோ ராத்திரி அழுதிருக்கேன். கோதுமையே எல்லாருக்கும் விஷம்னு யூட்யூப்ல பேசறவங்களோட என்னைச் சேர்க்காதீங்க. எங்க குடும்பத்தை உயிரோட வச்சது அது தான், என் உடம்புக்கு மட்டும் ஆகல.

சரி, ரொட்டியை விட்டேன், வர்க்கியை விட்டேன் (மைதால செய்யற மொறுமொறு பிஸ்கட், எங்க ஊர்ல யார் வீட்டுக்குப் போனாலும் டீயோட அது தான் வைப்பாங்க, ஒவ்வொரு வீட்லயும் விளக்கணும்), ரவை, சேமியா, பரோட்டா எல்லாம் போச்சு. சோறு, சாம்பார், ரசம் மட்டும். எட்டு மாசம் கழிச்சுப் பார்த்தா டிடிஜி லேசாத் தான் இறங்கி இருக்கு. "ஒளிச்சு சாப்பிடறியா"ன்னு வீட்டுக்காரரே கேட்டாரு, அது தான் ரொம்ப வலிச்சுது. டயட்டீஷியன் அடுப்படில இருக்கற ஒவ்வொரு டப்பாவையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. பெருங்காயம்! கூட்டுப் பெருங்காய டப்பாவுக்குப் பின்னாடி பொடி எழுத்துல கோதுமை மாவுன்னு போட்டிருக்கு. தினமும் சாம்பார்லயும் ரசத்துலயும் அதைத் தான் போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப "ஈசிதானே"ன்னு கேட்டா எனக்கு ஏன் சுருக்குன்னு இருக்குன்னு புரியுதா? ஹோட்டல் சாம்பார்லயும் அதே பெருங்காயம், சாதா தோசை சுடற கல்லுல தான் ரவா தோசையும், சமோசா பொரிச்ச எண்ணெய்ல தான் பஜ்ஜியும். அரிசி மாவு, கேப்பை மாவு கூட கோதுமை அரைச்ச மில்லுல அரைச்சா பிரயோஜனம் இல்ல. பாக்கெட்ல குளுட்டன் இல்லைன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி, கண்ணுக்குத் தெரியாத அளவு. அரிசி மாவு கலந்த பெருங்காயம் வருது, தேடி வாங்குங்க, கிடைக்கலன்னா பெருங்காயமே வேண்டாம், பூண்டு போட்டுக்கோங்க.

2023ல நீலகிரியில ரேஷன்ல அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேப்பை குடுக்க ஆரம்பிச்சாங்க. முழுசா இருக்கற தானியம், பொறுக்கிக் கழுவி காயவச்சு வீட்ல மிக்ஸியிலயே அரைச்சு கூழ் காய்ச்சிக்கிட்டு இருந்தேன். அப்பாயி பார்த்துட்டு, "இது குரக்கன்தானே, எங்கம்மா இதுல ரொட்டி சுடும்டி"ன்னுச்சு. வெந்நீர் ஊத்தி, கொஞ்சம் அரிசி மாவு, தேங்காப்பூ. ஓரம் வெடிக்கும், ஆறினா கல்லு மாதிரி ஆயிடும், சூடா சாப்பிட்டுடணும்.

உங்க அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் அந்த ரத்தப் பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்க, ஒரு தொந்தரவும் இல்லைன்னாலும். எங்கப்பா மூணு வருஷம் மறுத்துட்டு 2022ல எடுத்தாரு, பாசிட்டிவ். வயித்துவலின்னு ஒரு நாள் படுத்ததில்ல, ஆனா எலும்பு தேஞ்சு போயிருக்கு. என் டிடிஜி இப்ப நார்மல், ஹீமோகுளோபின் 12. அப்பாயி எங்க ரெண்டு பேருக்குன்னு தனிக் கல்லு வச்சிருக்கு, அதைத் துணியில சுத்தி அதோட கட்டிலுக்கு அடியில வச்சுக்கும், யாரையும் தொட விடாது. காலைல அதுல எங்களுக்குச் சுட்டு முடிச்சு கையைக் கழுவிட்டு, அப்புறம் தான் மத்தவங்களுக்கு மைதா பிசையும்.