லாங் ரன் பாதியில் நின்று உதவினால் பயிற்சி வீணாகுமா?

கேள்வி: ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடத் தயாராகிறேன். போன ஞாயிறு பெசன்ட் நகரிலிருந்து உத்தண்டி போய்த் திரும்பும் 28 கி.மீ. லாங் ரன், அதாவது நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம். பதினெட்டாவது கிலோமீட்டரில், ஈஞ்சம்பாக்கம் பக்கம், ஒரு பெரியவர் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றும் வரை 35 நிமிடம் நின்றேன். அப்புறம் விட்டதைப் பிடிக்கலாம் என்று வேகமாக ஓடியதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இந்த லாங் ரன் கணக்கில் வருமா? போலீஸ் கூப்பிடுவார்களா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: வரும். ஓடிய 18 கிலோமீட்டரின் பலன் உடம்பில் சேர்ந்தாகிவிட்டது, நடுவில் நின்றதால் அது அழிந்துபோகாது. மாதக்கணக்கில் ஓடிச் சேர்த்த தாங்குதிறன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கரைந்துவிடாது. நீங்கள் செய்த தவறு, நின்ற பிறகு துரத்தியதுதான். இரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த தசை, வியர்வையில் நனைந்த பனியனோடு 35 நிமிடம் நின்றால் ஆறி இறுகிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலை உடனே வழக்கத்தைவிட வேகமாக ஓடச் சொன்னால் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

இன்னொரு முறை இப்படி ஆனால், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், இருக்கும் இடத்திலேயே காலை மாற்றி மாற்றி அசைத்துக்கொண்டிருங்கள். மறுபடி கிளம்பும்போது ஐந்து, பத்து நிமிடம் நடை, பிறகு இரண்டு கிலோமீட்டர் மெதுவான ஓட்டம், அதற்கப்புறம் கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அரை மணிக்கு மேல் நின்றுவிட்டீர்கள், வெயிலும் ஏறிவிட்டது என்றால் நான் ஐந்து கிலோமீட்டரோடு முடித்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கச் சொல்வேன். மிச்சத்தைத் திங்கட்கிழமை சேர்த்து ஓட வேண்டாம்.

சரி, சாலைக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். விழுந்தவரைப் பார்த்ததும் கை தானாகத் தூக்கத்தான் போகும், ஆனால் தலையிலோ கழுத்திலோ அடிபட்டிருக்கலாம் என்றால் தூக்காதீர்கள், ஹெல்மெட்டையும் இழுக்காதீர்கள். வண்டிகள் அவர் மேல் ஏறாதபடி இரண்டு பேரை முன்னால் நிற்க வையுங்கள். அடுத்து 108. எங்கே என்று கேட்பார்கள், ‘ஈசிஆர்’ (கிழக்குக் கடற்கரைச் சாலை) என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த ஊர், எந்தக் கடைக்கு எதிரே, வண்டி எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று சொல்லுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்காதீர்கள். பலமாக அடிபட்டவருக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். படித்தால் வராது, ஒரு நாள் பயிற்சிக்குப் போய்க் கையால் செய்து பழகுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் காலை ஓட்டத்தில் நடைபாதையில் ஒருவருக்கு வலிப்பு வந்து கிடந்தார், சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதிலேயே குறியாக இருந்தார்கள், தலை மட்டும் சிமென்ட் தரையில் மோதிக்கொண்டே இருந்தது. துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தோம், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். இரும்பால் வலிப்பு நிற்காது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

போலீஸ் பயத்தை விடுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்வதும் உங்கள் விருப்பம்தான். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், அதனால் பில் உங்கள் தலையில் விழுமோ என்றும் யோசிக்க வேண்டாம்.

ஆனால் விடியுமுன் தனியாக ஓடுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், இருட்டில் கிடப்பவரின் அருகே போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. மனதுக்குச் சரியாகப் படவில்லையா, தள்ளி நின்று 108-க்குச் சொல்லுங்கள், டீக்கடையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள், அதுவும் உதவிதான். இதற்காகவாவது போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடாதீர்கள்.

இந்த வாரம் வேக ஓட்டம் எதுவும் வேண்டாம். கெண்டைக்காலில் வலி போன பிறகு மெதுவாக 5 கி.மீ. ஓடிப் பாருங்கள். வீக்கம் இருந்தாலோ, ஒரே இடத்தில் குத்தினாலோ மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் ஷூ மாட்டுங்கள்.