சங்கிலியைக் கழற்றியதும் கூப்பிட்டால் வராத சிப்பிப்பாறை நாய்

வீட்டில் ஒரே குரலுக்கு வரும் உங்கள் இரண்டு வயதுச் சிப்பிப்பாறை, மைதானத்தில் சங்கிலியைக் கழற்றியதும் திரும்பியே பார்ப்பதில்லை, என்ன செய்வது என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குச் சங்கிலியைக் கழற்றி விடாதீர்கள். 10 மீட்டர் கயிற்றை மார்புப் பட்டையில் மாட்டிப் பழக்குங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டினால், பாய்ந்து ஓடிக் கயிறு தீரும் இடத்தில் கழுத்தைச் சுண்டி இழுத்துவிடும்.

வீடு திரும்பும் நேரத்தில் மட்டுமே "வா" என்று கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். விளையாட்டு முடிந்தது என்றே அந்தச் சொல்லுக்கு அது பொருள் கொண்டிருக்கும்.

சோதித்துப் பாருங்கள். அது புல்லை மோந்துகொண்டிருக்கையில் ஒரே ஒரு முறை கூப்பிட்டு, வந்தவுடன் அவித்த கோழி ஈரல் துண்டு ஒன்றைக் கொடுத்து, பட்டையை ஒரு கணம் பிடித்து, மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். காது மட்டும் அசைந்து தலை திரும்பாவிட்டால், குரல் கேட்டும் வர மனமில்லை என்று பொருள். அப்போது திரும்பத் திரும்பக் கூப்பிடாமல், தூரத்தைக் குறையுங்கள். தாமதமாக வந்தாலும் தயவுசெய்து அடிக்காதீர்கள். உங்களிடம் வந்ததற்குத்தான் அடி என்று அது எடுத்துக்கொள்ளும்.

இது கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை இனம் என்பதால், முயலோ ஆடோ ஓடினால் நன்கு பழகிய நாய்கூடக் குரலுக்கு நிற்காமல் போகலாம். ஆகவே சாலையோரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் ஒருபோதும் கழற்ற வேண்டாம். சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் மட்டும் விடுங்கள்.