பதிமூன்று சதவீத வட்டிக் காலம்

அன்புள்ள ஐயா,

விலைவாசி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். என் அப்பா 1991ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தை வங்கியில் 13 சதவீத வட்டிக்குப் போட்டார். அந்த வட்டியில்தான் வீடு நடந்தது. இன்று அதே வங்கி ஆறரை தருகிறது. ரிசர்வ் வங்கியோ கால் கால் சதவீதமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மத்திய வங்கித் தலைவராக இருந்த பால் வோல்க்கர் என்பவர் வட்டியை 20 சதவீதத்துக்குக் கொண்டுபோய் விலைவாசியை அடக்கினாராமே, நம்மிடம் அப்படி ஓர் ஆள் ஏன் இல்லை? பணவீக்கம் பூஜ்யத்தைத் தொடப்போகிறது என்று 2025ல் செய்தி போட்டார்கள். என் மளிகை பில் இறங்கவே இல்லை. தொண்ணூறைத் தாண்டிய அப்பா, அந்தக் காலம்தான் நல்ல காலம் என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கும்பகோணத்து வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் பதிமூன்று சதவீதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1991-92ல் நுகர்வோர் விலைகள் ஏறக்குறைய பதிமூன்றரை சதவீதம் ஏறின. அப்பா ஒரு லட்சம் போட்டிருந்தால் வருடக் கடைசியில் 13,000 ரூபாய் வட்டி வந்திருக்கும். அதே ஒரு வருடத்தில், ஒரு லட்சத்துக்குக் கிடைத்துவந்த சாமான்களின் விலை 1,13,500 ஆகியிருக்கும். வட்டியில் ஒரு பைசா தொடாமல் முதலோடு சேர்த்திருந்தாலும் கொஞ்சம் நஷ்டம்தான். அவரோ அதை எடுத்துக் குடும்பம் நடத்தினார். வட்டியைச் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு முதலைச் சாப்பிட்டார். வைப்பு ரசீதில் ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே நின்றதால் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான், அதனால் குறையாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை விலைகள் எட்டு ஒன்பது மடங்கு ஏறியிருக்கின்றன. அந்த ஒரு லட்சம் இன்று எவ்வளவு வாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2025ல் பணவீக்கம் வருடம் முழுவதும் சேர்த்து இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான் இருந்தது. ஆறரை வட்டி வாங்கினால் நாலு சதவீதம் உண்மையிலேயே மிஞ்சும். அப்பாவுக்கு 1991ல் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனாலும் உங்கள் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. கரைந்துபோன முதலுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தால் என்ன? முதலைக் கரைத்தது அந்த நல்ல காலத்து விலைவாசி. பழியை இன்றைய ஆறரை சுமக்கிறது.

சரி, அன்றைக்கு ரிசர்வ் வங்கி என்ன செய்துகொண்டிருந்தது? 1955லிருந்து ஒரு ஏற்பாடு இருந்தது. மத்திய அரசின் கணக்கில் இருப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், ரிசர்வ் வங்கி தானாகவே குறுகிய காலப் பத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு அரசுக்குப் பணம் கொடுத்துவிடும். கேள்வி கிடையாது. 1974க்குப் பிறகு அதற்கு வட்டி 4.6 சதவீதம். அப்பாவுக்கு 13 சதவீதம் கிடைத்த அதே வருடத்திலும் அரசுக்கு 4.6தான். அந்தப் பணம் புதிதாக அச்சாகி ஊருக்குள் வரும். அதைச் சமாளிக்க வங்கிகளின் கழுத்தை இறுக்கினார்கள். 1991ல் வங்கிக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அறுபத்து மூன்றரை ரூபாய் ரிசர்வ் வங்கியிலும் அரசுப் பத்திரங்களிலும் முடங்கியது. மீதியில்தான் கடைக்காரருக்குக் கடன், அதுவும் இருபது சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு.

இந்த ஏற்பாட்டை நிறுத்த 1994 செப்டம்பரில் அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் போட்டன. அப்போது ஆளுநர் நம் அரியலூரில் பிறந்த ரங்கராஜன், நிதியமைச்சர் மன்மோகன் சிங். படிப்படியாகக் குறைத்து 1997 ஏப்ரலில் ஒரேயடியாக மூடினார்கள். அதற்கு முன்னால் இங்கே வோல்க்கரே வந்து உட்கார்ந்திருந்தாலும், ஒரு கையால் வட்டியை ஏற்றிவிட்டு மறு கையால் அரசுக்கு 4.6 சதவீதத்தில் அள்ளிக் கொடுத்திருப்பார்.

அப்பா அந்தக் காலம் என்று சொல்லும்போது 1974ஐயும் சேர்த்துக்கொள்கிறாரா? 1972 வறட்சி, 1973 கடைசியில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு. 1974-75ல் மொத்த வியாபார விலைகள் சராசரியாக 25 சதவீதம் ஏறின. அந்த 1974 ஜூலையில் வங்கி விகிதத்தை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை, ஏழிலிருந்து ஒன்பதாக்கினார்கள். விலை 25, வட்டி 9! ஐந்து வருடத்துக்கு மேல் போட்ட வைப்புக்கே பத்து சதவீதம்தான் உச்சம். உண்மையான ஆயுதம் வேறு. சம்பள உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் கையில் கொடுக்காமல் கட்டாய வைப்பாகப் பிடித்து வைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். மாதச் சம்பளக்காரரின் பாக்கெட்டை மூடி விலைவாசியை அடக்குவது என்ற யோசனை. எமர்ஜென்சிதான் விலையை இறக்கியது என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. விலை 1974 கடைசியிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது, எமர்ஜென்சி வந்தது 1975 ஜூனில். அந்த வருடம் பெய்த நல்ல மழைக்கும் பங்கு உண்டு.

வோல்க்கரின் கதையிலும் நீங்கள் சொல்லாத பாதி இருக்கிறது. 1980ல் பதினைந்து சதவீதத்தை நெருங்கிய பணவீக்கம் அடங்கியது உண்மை. 1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் 10.8 சதவீதம். வீடு கட்டித் தருபவர்கள், விற்காத வீடுகளுக்கு வாங்கி வைத்திருந்த மரக்கட்டைகளைத் துண்டு போட்டு, வட்டியைக் குறை என்று எழுதி, தபாலில் அவருக்கே அனுப்பினார்கள்.

இன்று நம் ரிசர்வ் வங்கிக்குச் சட்டத்திலேயே பணவீக்க இலக்கு இருக்கிறது. 2016லிருந்து நாலு சதவீதம், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். தொடர்ந்து மூன்று காலாண்டு தவறினால் அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். 2022ல் தவறினார்கள். ஜனவரியிலேயே ஆறைத் தாண்டிய பிறகும், வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியான ரெப்போவை நாலிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, மே 4ஆம் தேதி அவசரக் கூட்டம் போட்டு ஏற்றினார்கள். அந்த ஏப்ரலில் பணவீக்கம் 7.79. தாமதம்தான், எனக்குச் சந்தேகமில்லை. பிறகு எழுதிய விளக்கக் கடிதத்தை வெளியிடவில்லை. விலைவாசியால் அவதிப்பட்டவர்கள் நாம், விளக்கம் போனது டெல்லிக்கு! அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் 2023 ஜூலையில் அவர்கள் சும்மா இருந்தது சரி. தக்காளி விலை உச்சத்துக்குப் போய், சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்ற மாதம் அது. பணவீக்கம் 7.44. ரெப்போவை ஏற்றினால் கொடியில் தக்காளி காய்க்காது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட அன்றைய நம் விலைக் குறியீட்டில் சாப்பாட்டுக்கும் பானங்களுக்கும் மட்டும் 46 சதவீதம் பங்கு இருந்தது. வோல்க்கருக்கு இந்தத் தலைவலி இல்லை.

உங்கள் மளிகை பில்லுக்கு வருகிறேன். 2025 அக்டோபரில் வந்த 0.25 சதவீதம் முந்தைய அக்டோபரோடு ஒப்பிட்டது. அந்த முந்தைய அக்டோபரிலேயே காய்கறி கொதித்துக்கொண்டிருந்தது, பணவீக்கம் 6.21. ஏறிய படியிலேயே ஒரு வருடம் நின்றிருக்கிறோம், அவ்வளவுதான். கீழே இறங்கியதாக யாரும் சொல்லவில்லை. தலைப்பைப் படித்தால் அப்படித் தோன்றும். காய்கறி பில்லை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இறங்கியிருப்பது தெரியும். எண்ணெயும் பள்ளிக் கட்டணமும் இறங்கியிருக்காது.

அப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். 74ல் அவர் பணியில் இருந்திருப்பார். பஞ்சப்படியில் பிடித்ததைத் தவணையாகத் திருப்பித் தருவதாகச் சட்டத்தில் இருந்தது. அது கைக்கு வந்தபோது என்ன வாங்கினார், நினைவிருக்கிறதா?