நூறு தொடர்களும் ஒரு நேர்முகத் தேர்வும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் பொறியியல் முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்வருகிறான். பேச்சில் ஆங்கில மரபுத்தொடர்கள் வந்தால் மதிப்பு கூடும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். அன்றாடம் புழங்கும் நூறு தொடர்களைப் பொருளோடு தருவீர்களா? கொட்டும் மழையைச் சொல்லும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பது, கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று வாட்ஸப்பில் படித்தேன். உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கூரைக் கதை வெறும் கட்டுக்கதை. நாய் எங்கேயம்மா கூரையேறிப் படுக்கும்? பெரிய இடத்து மனிதர்களின் சலித்துப்போன அரட்டையைக் கிண்டலடித்து 1738இல் ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் வெளியிட்ட உரையாடல்களில் இந்தத் தொடரும் வருகிறது. அன்றைக்கே நகைப்புக்கு ஆளானதை உங்கள் பையன் இன்று போய்ச் சொல்ல வேண்டுமா?

நூறு தொடர் பட்டியலெல்லாம் தரமாட்டேன். மனப்பாடம் செய்தவன் இடம் வருமா என்று காத்திருப்பான். வராவிட்டாலும் சொல்லித் தொலைப்பான்.

என் அலுவலகத்தில் ஒரு பையன் இருந்தான். அப்படியொரு பட்டியலைக் கரைத்துக் குடித்தவன். ‘பை க்ளோஸ் ஆஃப் ப்ளே’ கணக்கு வந்துசேர வேண்டும் என்று லண்டன் மேலாளர் எழுதியிருந்தார். பட்டியலில் அது இல்லை போலிருக்கிறது, திருதிருவென்று விழித்தான். ஞாயிறு முழுக்க மட்டை பிடிக்கிறவன்! டெஸ்ட் போட்டியில் அன்றைய ஆட்டம் முடிந்து நடுவர் ஸ்டம்புகளின் மேலிருக்கும் பெயில்ஸைத் தட்டிவிடும் நேரம்தானே அது? இன்று வேலை முடிவதற்குள் அனுப்பு என்கிறார், அவ்வளவுதான்.

இங்கிலாந்துக்காரர்களின் பேச்சில் கிரிக்கெட் அப்படி ஊறிக் கிடக்கிறது. ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்பார்கள். ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில், மழையில் நனைந்த களம் வெயிலில் காயும்போது ஒரு பந்து முகத்துக்கு எகிறும், அடுத்தது தரையோடு தவழும். மட்டையடியில் மன்னனான ஆஸ்திரேலியாவின் பிராட்மனே தடுமாறிய களம் அது. இப்போது களத்தை மூடிவிடுகிறார்கள்; ஆனாலும் சிக்கலில் மாட்டிய அமைச்சர் இன்னும் ஸ்டிக்கி விக்கெட்டில்தான் நிற்கிறார். ‘ஆஃப் ஹிஸ் ஓன் பேட்’ என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே செய்தது. மட்டையில் படாமல் வரும் பை, லெக் பை ரன்களையெல்லாம் கழித்து, தன் மட்டையால் எடுத்த ரன். தெருவில் ஆடும் பையனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அமெரிக்க நிறுவனம் என்றால் பேஸ்பால். பால்பார்க் என்றால் பேஸ்பால் மைதானம்; ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்டால் தோராயக் கணக்கு சொன்னால் போதும்.

சரி, பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். தெரியாத தொடர் வந்தால் என்ன பொருள் என்று கூசாமல் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பயிற்சி வகுப்புக்கு அடுத்த தவணையைக் கட்டாதீர்கள்.